எட்டாம் வகுப்பில் ஒப்பாரி

நான் உயிரோடிருக்கும்போதே எனக்கு ஒப்பாரி வைத்துவிட்டார்கள் என்று எழுத்துமூலமாகப் புகார் கொடுத்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, நான்தான். அந்தப் புகாரில் நானே கைப்பட எழுதிச் சேர்த்த பொய் ஒன்றும் இருந்தது. அதை நம்பி நெய்வேலியில் எங்கள் பிளாக்கைச் சேர்ந்த அறுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு தமிழ் டீச்சருக்கு வேலை போயிற்று. என்னுடைய மற்ற முட்டாள்தனங்களையெல்லாம் நானே நாலு பேரைக் கூட்டிவைத்துச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இதை மட்டும் இதுவரை சொன்னதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஒட்டுப் போடுகிற வேலை. ஊருக்குப் போனால், விருதுநகர்ப் பக்கம், "என்ன வேலை?" என்று கேட்பார்கள். "மூணு மைல் நீளத்துக்குக் கிழிஞ்ச பாய் ஒண்ணு இருக்கு, அதுக்கு ஒட்டுப் போடுறேன்" என்பேன். ஆனால் டவுன்ஷிப்பில் எனக்குப் பேர் கிடைத்தது அந்த வேலையால் இல்லை. ஒன்று, ஷிப்ட் பஸ்ஸில் ஏறினால் சிரிக்க வைப்பேன். இன்னொன்று, மனு எழுதுவேன். குவார்ட்டர்ஸில் குழாய் ஒழுகினால், "ஐயா, எங்கள் வீட்டுக் குழாய் யாரை நினைத்தோ இரவு பகலாகக் கண்ணீர் வடிக்கிறது" என்று எழுதுவேன். ஆபீசில் அதை ஒருவர் படித்து இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டி, சிரித்த சிரிப்பில் அன்றைக்கே ஃபிட்டரை அனுப்பிவிடுவார்கள். எருமை உள்ளே வருகிறதா, தெருவிளக்கு எரியவில்லையா, எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். நானும் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு ஏதோ பெரிய கவி மாதிரி உட்காருவேன்.

அந்த டீச்சர் என் மகள் படித்த பள்ளியில் மூன்று வருஷமாக டெம்பரரி. தினமும் குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வருவார். அப்பா தறி நெய்கிறவர். வீட்டில் படித்து வேலைக்கு வந்தது இவர் ஒருவர்தான். அந்த வருஷக் கடைசியில் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். டவுன்ஷிப்பில் 'பெர்மனென்ட்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்பை விட்டாலும் விடுவார்களே தவிர அதை விடமாட்டார்கள்.

எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் நாட்டுப்புறப் பாடல் என்று ஒரு பாடம் இருந்தது. தாலாட்டில் ஆரம்பித்து ஒப்பாரியில் முடியும். தாலாட்டு நடத்தியபோது டீச்சர் பிள்ளைகளின் அம்மாக்களில் இரண்டு பேரை வரச்சொல்லிப் பாடவைத்தார். எல்லோருக்கும் சந்தோஷம். ஒப்பாரிக்கு, முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்துவிட்டார். சாவு வீடுகளில் பாடுகிற பெண். நாற்பது வயதிருக்கும் என்றாள் என் மகள். வந்தவர் வகுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆரு செத்துட்டாங்க?" என்று கேட்டாராம்.

"யாரும் இல்லம்மா. பசங்க கேக்கணும், அதுக்குத்தான்."

"ஆரும் சாவாம எப்பிடிம்மா அழுவறது? வாயிதான் வருமா?"

டீச்சர் யோசித்து, "ஏதாச்சும் தொலைஞ்சு போனதுக்குப் பாடலாமே" என்றாராம். அந்தப் பெண் முன்பெஞ்சுப் பையன் ஒருவனிடம், "ஒனக்கு இன்னாடா தொலைஞ்சுது, தம்பி?" என்று கேட்க, அவன் ஜாமெட்ரி பாக்ஸ் என்றான். அவர் அந்த ஜாமெட்ரி பாக்ஸுக்கு ஒப்பாரி வைத்தாராம். காம்பஸ் முள்ளைக் கண் என்றும் ஸ்கேலை முதுகெலும்பு என்றும் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. சிரித்து முடிந்ததும், "செரி, இப்ப நம்புள்து" என்று தலைமுடியை அவிழ்த்து விட்டுத் தன் புருஷனுக்குப் பாடினார். காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், காய்ச்சலில் போனவர்.

சாப்பிட்டுக்கொண்டே மகள் இதைச் சொன்னாள். ஜாமெட்ரி பாக்ஸ் வரைக்கும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதற்கப்புறம் குழம்பு கேட்டேன்.

டீச்சர் அத்தோடு விடவில்லை. தொலைந்துபோன ஒன்றைப் பற்றி ஆளுக்கு நாலு வரி எழுதிவரச் சொன்னார். பிள்ளைகள் பேனாவுக்கும் கோழிக்கும் சாக்கடையில் விழுந்த கிரிக்கெட் பந்துக்கும் எழுதினார்கள். சாயங்காலங்களில் எங்கள் பிளாக்கில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு பந்துக்காக யாராவது மாரடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது எங்கள் வீட்டுச் சமாசாரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் ஏதாவது வேடிக்கையைச் சொருகிவிடுவேன். அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால் என் மகன் இறந்துபோனான். நாலு வயது. மூளைக் காய்ச்சல். காலை பத்து மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் மனைவி வாயைத் திறந்து ஒரு குரல் எடுத்தாள். நான் அவள் தோளைப் பிடித்து, "மெதுவா. பக்கத்து வீட்டுல தூங்குறாங்க" என்றேன்.

டவுன்ஷிப்பில் இருந்தவர்களுக்கு இது புரியும். எந்த நேரமும் எந்தச் சுவருக்கு அந்தப் பக்கமும் நைட் ஷிப்ட் முடித்த ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். ரேடியோவைக் குறை, பாத்திரத்தைப் போடாதே, மெதுவாப் பேசு என்று சொல்லிச் சொல்லியே வளர்த்த வாய். அன்றைக்கும் அதுவாகவே வந்துவிட்டது. அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர், கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், அப்போது தூங்கவே இல்லை. எங்கள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். பிறகு யாரும் வீட்டில் அவனைப் பற்றிப் பேசவில்லை. நான் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரிக்க வைக்கிறவன் ஆனேன்.

ஒப்பாரிப் பாடம் நடந்த வாரத்துச் சனிக்கிழமை, நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தேன். மத்தியானம் ஒரு குரல் கேட்டு அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்தால், கட்டிலின் தலைமாட்டில் தரையில் மகள் உட்கார்ந்திருக்கிறாள். முடி விரிந்திருக்கிறது. கை நெஞ்சில் மெதுவாக விழுந்து எழுகிறது. நான் தூங்குகிறேன் என்று நினைத்துத் தாழ்ந்த குரலில் பாடுகிறாள். அடுப்படியில் காய் நறுக்கும் சத்தம் நின்றிருந்தது.

மூணு சக்கர வண்டி
மூலையில நிக்குதடா
ஏறி மிதிக்க இங்கே
எளங்காலு காணலடா

என் கட்டிலுக்கு அந்தப் பக்க மூலையில்தான் மகனுடைய சைக்கிள் நின்றது. எல்லாம் எனக்குக் கேட்டது. 'டா' என்று அவள் கூப்பிட்டது யாரை என்றும் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு புரண்டு படுத்தேன்.

திங்கட்கிழமை ஷிப்ட் பஸ்ஸில் நான் எழுந்து நின்றேன். "முந்தாநாள் நான் செத்துட்டேன் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். பெற்ற மகள் எட்டாம் வகுப்புப் பாடம் படித்து அப்பனுக்கு ஒப்பாரி வைத்த கதையை, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடித்துக் காட்டினேன். அவள் பாடிய வரிகளை அங்கே பாட முடியவில்லை. அதனால் நானே நாலு வரி கட்டினேன்.

மூணு ஷிப்ட்டு பாத்த கட்டை
மூலையில சாஞ்சிருச்சே
ஓவர்டைம் பாக்க இனி
ஒத்த ஆளு இல்லையே

பஸ்ஸே ஆடியது. டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார். அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு ஷிப்ட்டிலும் "அண்ணே, அந்தச் சாவு" என்று கேட்டு வாங்கினார்கள். நானும் சளைக்காமல் செத்தேன்.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் டூட்டிக்குப் போகும் வழியில் எருமை மேல் சைக்கிளை விட்டு, முழங்கை பெயர்ந்து கட்டோடு வந்தார். எருமைக்கு ஒன்றும் இல்லை.

"ஏனுங்க, உங்க ஊட்டுல பாடுன பாட்டு எனக்கல்லோங்க பலிச்சுப்போச்சு" என்றார் அவர்.

"பாட்டுக்கு அட்ரஸ் தெரியலைங்க, ஒரு வீடு தள்ளி வந்திருச்சு" என்றேன் நான்.

அவர் சிரிக்கவில்லை. அவர் மனைவியும் சிரிக்கவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் என் வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர். ஆண்கள் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிற ஊரில் பிள்ளைகள் வீட்டில் ஒப்பாரி பாடுவதா, சாவுக்குப் பாடுகிறவளை வகுப்புக்குள் விடுவதா என்று அவர்களுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. மனு கொடுக்க வேண்டும். யார் எழுதுவது? பாதிக்கப்பட்டவனும் நான், எழுதத் தெரிந்தவனும் நான்.

மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, இது வேணாமே."

"சும்மா ஒரு மனு. அந்த டீச்சரைக் கூப்பிட்டு இனிமே இப்படிச் செய்யாதேம்பாங்க. அவ்வளவுதான்."

"அவங்க இன்னும் பெர்மனென்ட் ஆகலை."

"ஆயிருவாங்க ஆயிருவாங்க. என் மனுவைப் படிச்சிட்டு யாரு கோவப்பட்டிருக்கா, சொல்லு."

எழுதினேன். நன்றாகவே வந்தது. "ஐயா, உயிரோடு சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு தொழிலாளி, தன் சொந்தக் கட்டிலில் படுத்துத் தன் சொந்த மகளால் இறந்துபோனான்" என்று ஆரம்பித்து, அந்த ஓவர்டைம் பாட்டை ஆதாரம் என்று அப்படியே சேர்த்தேன். வாசித்துக் காட்டினேன். கையில் கட்டோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரரே அப்போது சிரித்துவிட்டார். இரண்டு சாயங்காலத்தில் அறுபத்திரண்டு கையெழுத்து.

பள்ளியில் கூப்பிட்டார்கள். ஹெச்.எம். அறையில் எங்களில் எட்டுப் பேருக்கு நாற்காலி. டீச்சர் நின்றுகொண்டிருந்தார். பிரவுன் பேப்பர் அட்டை போட்ட நோட்டுக் கட்டு ஒன்றைக் கையில் அணைத்துப் பிடித்திருந்தார்.

"பாடத்துல இருக்குங்கிறீங்க. இருந்தா வாசிச்சிட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்கு ஆளைக் கூட்டிட்டு வந்து அழவிடணும்?" என்றார் ஹெச்.எம்.

"தாலாட்டுக்கும் கூட்டிட்டு வந்தேன் சார். அப்ப யாரும் ஒண்ணும் சொல்லலை."

எங்களோடு வந்த அம்மாள் ஒருவர் எழுந்தார். "தாலாட்டு வேற, ஒப்பாரி வேற டீச்சர். எங்க வீட்டுக்காரர் டூட்டிக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் நான் தலையை விரிச்சு வாரவே மாட்டேன். என் பையன் என்னன்னா, வாசப்படியில உட்கார்ந்துகிட்டு மாரடிக்கிறான்."

டீச்சர் அவரைப் பார்த்து, "நீங்க சொல்றது சரிம்மா. வீட்டுல பாட வேண்டாம்னு நான் பசங்ககிட்ட சொல்லியிருக்கணும். அது என் தப்புதான்" என்றார். அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். அவர் பயம் நிஜமான பயம். அவருக்குத் தேவைப்பட்ட பதில் கிடைத்துவிட்டது. நாங்கள் அந்த இடத்திலேயே எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஹெச்.எம். மனுவைப் புரட்டினார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. "நேரடியா பாதிக்கப்பட்டது நீங்கதானே. என்ன நடந்ததுன்னு உங்க வாயாலே சொல்லுங்க" என்றார் என்னிடம்.

ஒரு வாரமாகச் செத்துச் செத்துப் பழகியவன். எழுந்து நின்றதும் உடம்பு தானாக ஆரம்பித்துவிட்டது. துண்டைத் தலையில் போட்டேன். 'மூணு ஷிப்ட்டு பாத்த கட்டை' என்று எடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள், ஹெச்.எம். உட்பட. டீச்சர் மட்டும் கையிலிருந்த கட்டுக்குள்ளிருந்து ஒரு நோட்டை உருவினார். லேபிளில் என் மகளுடைய கையெழுத்து. பாதி திறந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அவள் எழுதியது என்னவென்று அவருக்குத் தெரியும், நான் பாடுவது அது இல்லை என்றும் தெரியும். இரண்டு வரி வாசித்தால் போதும், அறுபத்திரண்டு கையெழுத்தும் அந்த அறையிலேயே செத்துப்போகும். நான் என்ன செய்தேன்? மிச்சமிருந்த இரண்டு வரியையும் பாடி முடித்தேன். நடுவில் நிறுத்தினால் சிரிப்பு கெட்டுப்போகும் இல்லையா?

டீச்சர் நோட்டை மூடிக் கட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஹெச்.எம். கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்."

அரைப் பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறந்தபோது அவர் வரவில்லை. டெம்பரரியை நிறுத்துவதற்குக் காரணம் எழுத வேண்டியதில்லை, அடுத்த ஆர்டர் போடாமல் இருந்தால் போதும். அவர் திருத்திவைத்திருந்த நோட்டுகளைப் புது டீச்சர் பிள்ளைகளிடம் கொடுத்தார். என் மகளுடைய நோட்டை மனைவி கொண்டுவந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"படிங்க."

நாலு வரிதான் என்று நினைத்திருந்தேன். இரண்டு பக்கம் இருந்தது. அவனுடைய செருப்பு, அவன் 'பெல்ட்டப்பா' என்று என்னைக் கூப்பிடுவது, காய்ச்சலன்று கேட்ட பிஸ்கட். கடைசியில் சிவப்பு மையில் டீச்சர் எழுதியிருந்தார்: 'இதை அம்மாவிடம் பாடிக் காட்டு.'

"பாடினாளா?" என்றேன்.

"அவங்க எழுதறதுக்கு முன்னாடியே. தினமும். நீங்க டூட்டிக்குப் போனப்புறம், இவ ஸ்கூல் விட்டு வந்ததும். நானும் பாடுவேன். கதவைச் சாத்திக்கிட்டு, ஆனா சத்தமா." அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டிருக்கும். ஒரு நாளும் வந்து கேக்கலை. மனு போனதுக்கப்புறம் இவ நிறுத்திட்டா. பாடச் சொன்னா, அப்பா பஸ்ஸுல பாடுவாருங்கிறா."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அந்த ராத்திரியே இன்னொரு மனு எழுதினேன். அந்தப் பாட்டு நானே கட்டியது, என் மகள் பாடியது இறந்துபோன தன் தம்பிக்கு, டீச்சர்மீது குற்றம் இல்லை, திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. வீடு வீடாக ஏறினேன். "முடிஞ்சு போன விசயமுங்க, விடுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். முழங்கை அதற்குள் சரியாகிவிட்டிருந்தது. தலை வாராத அந்த அம்மாள் மட்டும் வாசித்து முடித்து, கண்ணைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவரோடு நானும் என் மனைவியும். பத்து நாள் அலைந்து மூன்று பேர்.

ஹெச்.எம். அதை இரண்டு தரம் படித்தார். "என்ன சார், இது நீங்க எழுதினதுதானா? உங்க டச்சே இல்லையே?" என்றார். பிறகு, அந்த இடத்துக்கு ஆள் போட்டாயிற்று, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். மனுவைத் திருப்பிக் கொடுக்கும்போது முதல் மனுவை நினைத்துக்கொண்டோ என்னவோ, லேசாகச் சிரித்தார்.

வார லீவு அன்று வடலூர் வழியாகப் பஸ் பிடித்துக் குறிஞ்சிப்பாடி போனேன். தறிச் சத்தத்தை வைத்தே தெருவைக் கண்டுபிடித்தேன், ஆனால் தெரு முழுக்கத் தறிச் சத்தம். விசாரித்துப் போனபோது டீச்சர் வாசல் அறையில் ராட்டினத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே அவர் அப்பா தறியில். என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கைவிரலில் சாயம் ஏறியிருந்தது.

வழியில் நாலைந்து விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு மனுவை எடுத்துக் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார். பரீட்சைப் பேப்பர் படிக்கிற மாதிரி விரல் வரிக்கு வரி இறங்கியது. மடித்துக் கொடுத்துவிட்டு, "பொண்ணு நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கா டீச்சர்."

"எழுதுறாளா?"

"இல்ல."

அவர் மறுபடி ராட்டினத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். அறுந்திருந்த நூலைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டார். நான் போயிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. இரண்டு மாதமாக அந்த ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

"அன்னிக்கு அந்த நோட்டு உங்க கையிலதான் இருந்துச்சு. நான் பாடினது பொய்னு உங்களுக்குத் தெரியும். வேலை போயிடும்னும் தெரியும். திறந்து வாசிச்சிருக்கலாமே டீச்சர்?"

நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"வாசிச்சிருந்தா, அதுக்கும் சிரிக்க வெச்சிருப்பீங்க."